அண்ணன் மட்டும் வாசிக்கட்டும்

கறுப்புச் சட்டையின் காலரை மூன்றாவது முறையாக இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தாள் தங்கை. மடிப்பு எப்போதோ சரியாகிவிட்டது. கைதான் நிற்கவில்லை.

"அம்மா, போதும். தீஞ்சிடப் போகுது," என்றாள் மகள்.

"முப்பது வருஷமா தீயாதது இன்னைக்குத்தான் தீயப் போகுதாக்கும்."

முப்பது வருடமாக அண்ணனின் கச்சேரிச் சட்டைகளைத் தேய்த்தது அவள்தான். எல்லாமே கறுப்பு. "ஏண்ணே, துணிக்கடையில வேற கலரே இல்லையா?" என்று ஒருதரம் கேட்டாள். "பாடறவங்க மேலதான் எல்லார் கண்ணும் இருக்கணும் பாப்பா. நானும் கறுப்பு, பியானோவும் கறுப்பு. ரெண்டு பேரும் ஒண்ணாக் கலந்துடுவோம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அது நிஜச் சிரிப்பா, சமாளிப்புச் சிரிப்பா என்று அவளுக்கு அன்றைக்கும் பிடிபடவில்லை, இன்றைக்கும் பிடிபடவில்லை.

வீட்டுக்குக் கீழே அவள் நடத்தும் சலவைக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நேற்று மாலை நாலரை மணிக்கு, இசைக் கல்லூரியின் பயிற்சி அறையில், பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அண்ணன் போய்விட்டார். அறுபத்து நான்கு வயது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அதைத் தவிர வேறு எதுவும் தங்கையின் மண்டையில் ஏறவில்லை. காலையில் துக்கம் விசாரிக்க வந்த பக்கத்துக் கடைக்காரரிடம் "எத்தனை உருப்படி?" என்று கேட்டுவிட்டாள். அவர் திருதிருவென விழித்தார். அவளும் விழித்தாள். பிறகு இருவருமாகச் சேர்ந்து அங்கே கிடந்த ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை மடித்து வைத்தார்கள்.

அண்ணனோடு கடைசியாக அறையில் இருந்தது புல்லாங்குழல் படிக்கும் ஒரு பெண். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பியானோ நின்னதுக்கு அப்புறமும் ரெண்டு வரி வாசிச்சிட்டேன் ஆன்ட்டி. என்னைத் தனியா விட்டுப் பாக்கறாருன்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தங்கைக்கு அவளை அணைத்துக்கொள்வதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை. ஒரு மனிதன் சாகிறது கூடத் தெரியாமல் அப்படி என்ன வாசிப்பு?

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் காலைப் பேப்பரை எடுத்தாள்.

"அதைப் பாக்காதம்மா," என்றாள் மகள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவள், எதையும் ஃபைல் போட்டு ஒழுங்காகச் செய்வாள். காலையிலிருந்து வண்டி, மண்டபம், சான்றிதழ் எல்லாவற்றையும் போனிலேயே முடித்தவளும் அவள்தான்.

"பாத்தா என்ன? பாத்தா மட்டும் புரிஞ்சிடப் போகுதா?"

ஏழாம் பக்கத்தில் கீழே நாலு வரி. 'பிரபல பாடகியின் பக்கவாத்தியக் கலைஞர் மறைவு.' மேலே படம். படத்தில் பாடகி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் முழங்கைக்குப் பின்னால் பாதிக் காதும் கொஞ்சம் தலைமுடியும் தெரிகின்றன. அதுதான் அண்ணன்.

"செத்தது யாரு, படம் யாருக்கு? உயிரோட இருக்கிறவங்களுக்குப் படம் போட்டு மறைவுன்னு எழுதறானே, அவனுக்கெல்லாம் கண்ணு இருக்கா, இல்ல பொட்டைக் கண்ணா?"

"வேற படம் கெடச்சிருக்காதும்மா."

அது உண்மைதான் என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். மண்டபத்தில் வைப்பதற்கு ஒரு படம் வேண்டுமென்று அண்ணனின் மாடி அறையில் இருந்த இரண்டு ஆல்பங்களையும் காலையில் புரட்டிவிட்டார்கள். நானூறு மேடைகள் ஏறிய மனிதனுக்கு நேராக ஒரு முகம் கிடையாது. எல்லாவற்றிலும் பக்கவாட்டு முகம், அல்லது முதுகு, அல்லது பியானோவின் மூடிக்குக் கீழே இரண்டு ஷூ. கடைசியில் டிரைவிங் லைசென்ஸ் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். அதில் அவர் திருட்டு வழக்கில் மாட்டியவர் மாதிரி இருந்தார்.

தங்கைக்கு இசை தெரியாது. ஆனால் கணக்காகச் சில விஷயங்களைக் கவனித்து வைத்திருந்தாள். கைதட்டும்போது பாடகி முதலில் குனிவார், அண்ணன் அப்புறம்தான் எழுந்திருப்பார். பூங்கொத்து ஒன்றுதான் வரும். பியானோவின் மூடியை ஒரு சாண் அளவுக்கு மட்டும்தான் திறந்து வைப்பார்கள். "முழுசாத் திறக்கச் சொல்லேண்ணே, நல்லாக் கேக்கட்டும்" என்றால், "குரல் முழுகிடும் பாப்பா" என்பார். ஒருதரம் நிகழ்ச்சித் தாளில் அவர் பெயரையே தப்பாக அச்சடித்துவிட்டார்கள். இரண்டு நாள் வீட்டில் அந்தத் தப்புப் பெயரிலேயே நடமாடினார். "உங்கண்ணன் இல்லம்மா, தாள்ல போட்ட ஆளு வந்திருக்கேன், எனக்கு ஒரு டீ கெடைக்குமா?" வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பின்கட்டில் போய் அழுதாள்.

அழுதது ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இன்றைக்குத் தெரிந்தது. இன்று ஒருநாளாவது அந்த மண்டபத்தில் அண்ணனின் வாசிப்பு மட்டும் கேட்க வேண்டும். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. இதற்கு மேல் இன்னொரு நாள் கிடையாது.

ஷட்டருக்குக் கீழே ஒரு ஊன்றுகோல் தெரிந்தது. அப்புறம் பட்டுச் செருப்பு. ஷட்டரை மகள் தூக்கிவிட, பாடகி குனிந்து உள்ளே வந்தார். பேப்பரில் இருந்ததைவிட இருபது வயது கூடுதலாக இருந்தார். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா," என்றார். "அங்க நான் ஒரே ஒரு பாட்டு பாடட்டுமா?"

தங்கைக்கு மூக்கு விடைத்தது. "யாரு வாசிப்பாங்க?"

"காலேஜ்ல வேற ஒருத்தரு இருக்காரு. வரேன்னு சொல்லியிருக்காரு."

"அப்போ எங்கண்ணன் சாவுக்கும் நீங்கதான் நடுவுல. அவருக்கு இன்னைக்கும் ஓரம்தான். நல்லா இருக்கே."

"அம்மா," என்று மகள் அவள் தோளைத் தொட்டாள். தங்கை அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

பாடகி ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் சொல்றதக் கேளு. அஞ்சாறு வருஷமா என் குரல் எறங்கிடுச்சு. எனக்கே தெரியாது. ஏன்னா உங்கண்ணன் எல்லாப் பாட்டையும் சுருதியில அரைக்கட்டை கீழ எறக்கி வாசிச்சிட்டிருந்தாரு. தாள்ல இருக்கறது ஒண்ணு, கை வாசிக்கிறது ஒண்ணு. மேடையில உக்காந்துகிட்டே மனசுக்குள்ள மாத்தி மாத்தி வாசிப்பாரு. நான் என்னமோ இருபது வயசுல பாடின மாதிரியே பாடறேன்னு நெனச்சிட்டிருந்தேன். போன வருஷம்தான் கண்டுபிடிச்சேன்."

"இதைப் பேப்பர்காரன்கிட்ட சொல்லியிருக்கலாமே. அவன் நேத்து உங்ககிட்டதானே பேசியிருப்பான்?"

பாடகி அந்தப் பேப்பரைப் பார்த்தார்.

"சொல்லியிருக்கணும்," என்றார். "சொல்லல."

"வாங்க. மண்டபத்துக்கு வாங்க. முன்வரிசையில உக்காருங்க. ஆனா யாரும் வாயத் திறக்கக் கூடாது. இன்னைக்கு அண்ணன் மட்டும் வாசிக்கட்டும்."

பாடகி தலையை ஆட்டினார். போகும்போது மேசையில் இருந்த கறுப்புச் சட்டையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். தொடுவதற்கு அனுமதி கேட்கவில்லை என்று தங்கைக்கு அதிலும் கோபம்.

வாய்ச் சவடாலாகச் சொல்லிவிட்டாளே தவிர, அண்ணன் மட்டும் வாசித்தது எங்கே இருக்கிறது? வீட்டில் இருந்த இசைத்தட்டுகளை மகள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பாடுகிறார்கள், வயலின் வாசிக்கிறார்கள், ஊதுகிறார்கள். அண்ணன் பெயர் பின்னட்டையில் பொடி எழுத்தில்.

"ஒரு மனுஷன் ஒரு தடவகூடவா தனியா வாசிச்சிருக்க மாட்டான்?"

"இரும்மா. மாமாவோட சின்ன ரிக்கார்டர் மேலதான் இருக்கு. பியானோ மேல வெச்சு எதையோ பதிவு பண்ணுவாரே."

மகள் மேலே ஓடிப் போய் அதை எடுத்து வந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. உள்ளே நூற்றுக்கு மேல் பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் பெயரும் தேதியும். ஏன் ஆள் பெயர் என்று இருவருக்கும் விளங்கவில்லை. கடைசியாகப் பதிவானதை, யார் பெயர் என்று பார்க்காமலே, மகள் அழுத்தினாள். போன வாரத் தேதி.

பியானோ மட்டும். வேறு சத்தமே இல்லை. மெல்லத் தொடங்கி, இடது கை மேடும் பள்ளமுமாக நடக்க, வலது கை அதன்மேல் ஒரு மெட்டை விரித்தது. தங்கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாடியிலிருந்து தினமும் கேட்ட சத்தம்தான். ஆனால் அதற்கு இப்படி ஒரு முகம் இருந்ததை அவள் கவனித்ததே இல்லை. அரை நிமிஷம், முக்கால் நிமிஷம். அதற்கு மேல் தாங்கவில்லை.

"நிறுத்து. இதுதான். இதையே போடு."

"முழுசாக் கேட்டுடலாம்மா. நாலு நிமிஷம்தான்."

"எனக்கு இப்போ கேக்க முடியாதுடி. வண்டி வந்தாச்சு பாரு."

மண்டபம் தகனசாலையோடு ஒட்டியிருந்தது. வெளிர்நீலச் சுவர், அறுபது நாற்காலி, ஒரு மேசை, இரண்டு ஒலிபெருக்கி. அரை மணி நேரம் தருவோம் என்று மேலாளர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பேசும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைத் தடவுகிற மனிதர். நாற்காலிகள் போதவில்லை. இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? கல்லூரிப் பிள்ளைகள், நரைத்த வயலின்காரர்கள், ஒரு தபால்காரர், அவர் யாருடைய பாட்டுக்கு என்ன செய்தவரோ. ஒவ்வொருவரும் தங்கையிடம் வந்து, "என்னோட பியானிஸ்ட்" என்றார்கள். "என்னோட பியானிஸ்ட்டும்மா உங்கண்ணன்." ஏழெட்டுப் பேர் அதையே சொன்னதும் அவளுக்குத் தலை சுற்றியது. எல்லாருக்கும் சொந்தம் என்றால் அவர் எப்போதுதான் வீட்டில் இருந்தார்? தினமும் ராத்திரி அவளோடு உட்கார்ந்து ரொட்டி தின்றது யார்?

அண்ணன் பெட்டிக்குள் கறுப்புச் சட்டையில் படுத்திருந்தார். காலர் கத்தி மாதிரி இருந்தது. அது ஒன்றுதான் சரியாக நடந்தது.

கல்லூரி முதல்வர் இரண்டு நிமிஷம் பேசினார். அதில் ஒன்றரை நிமிஷம் பாடகியைப் பற்றி. தங்கை மகளைப் பார்த்தாள். மகள் எழுந்து போய் ரிக்கார்டரை ஒலிபெருக்கியில் செருகினாள்.

"இப்போ எங்கண்ணன் வாசிப்பாரு," என்றாள் தங்கை. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. "அவரு மட்டும்."

பியானோ தொடங்கியது. மண்டபம் அடங்கியது. காலையில் கேட்ட அதே நடை, அதே மெட்டு. தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'கேளுங்க, நல்லாக் கேளுங்க' என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முன்வரிசையில் பாடகி முதல் ஸ்வரத்திலேயே தலையைத் தூக்கியவர், அப்படியே உறைந்துவிட்டார்.

முக்கால் நிமிஷத்தில் மெட்டு முடிந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. இடது கை மட்டும் டொம்... டொம்... என்று தள்ளித் தள்ளி விழுந்தது. நடுவில் வலது கை இரண்டு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு ஓடிப்போனது. மறுபடி டொம். மறுபடி மௌனம். யாரோ பாதி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மறந்துபோன மாதிரி.

பின்வரிசையில் தபால்காரர் பக்கத்து ஆளிடம் என்னவோ கேட்டார். மேலாளர் ஓடிவந்து ஒயரை ஆட்டிப் பார்த்தார். "கனெக்‌ஷன் லூசா இருக்குமோ?"

மானம் போகிறதே! ஊரைக் கூட்டி உட்காரவைத்து, முன்னால் யாரும் நிற்கக் கூடாதென்று சவால் விட்டு, கடைசியில் இப்படி ஓட்டை ஓட்டையாக ஒரு வாசிப்பா? இதற்குத்தானா முப்பது வருஷம்? மகளைப் பார்த்தாள். மகள் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி இது? என்ன ஆச்சு?"

"ஐயோ, அம்மா." மகள் குனிந்து காதோடு சொன்னாள். "இது பயிற்சிக்குப் போட்டதும்மா. பாடறவங்க வீட்ல தனியாப் பாடிப் பழகறதுக்கு. பியானோவ மட்டும் வாசிச்சு, பாட்டுக்கு எடம் விட்டு வெச்சிருக்காரு. அதான் ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆள் பேரு."

"நிறுத்து அத."

மகள் நகரவில்லை. தங்கை தானே எழுந்தாள். மேசைக்கு நாலு எட்டு. விரலைப் பொத்தானில் வைக்கப் போனவள், எதற்கோ திரும்பிப் பார்த்தாள்.

முன்வரிசையில் தோள்கள் ஒன்றாக ஏறின. ஏழெட்டுத் தோள்கள், ஒரே சமயத்தில். பிறகு மெல்ல இறங்கின. சத்தம் எதுவும் வரவில்லை. பியானோ டொம் என்று தொட்டது. மறுபடி எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். வயலின்காரர் ஒருவரின் இடதுகை விரல்கள் தொடைமேல் நகர்ந்தன. புல்லாங்குழல் பெண் கண்ணை மூடி உதட்டைக் குவித்திருந்தாள். அவர்கள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத்தான் கேட்கவில்லை.

பாடகி மட்டும் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தார். புறங்கை முழுக்க ஈரம். ஒவ்வொரு மௌனத்திலும் அவர் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. காலையில் சலவைக் கடையில் கொடுத்த வாக்கை அந்த அம்மா காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

தங்கை பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். அவர் முன்னால் போய் நின்றாள். என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டாள்.

"இது உங்களுக்கா?"

பாடகி தலையசைத்தார். "போன வாரம்தான் எனக்கு இத அனுப்பினாரு. அடுத்த மாசம் கச்சேரி. வீட்ல இதோடதான் பாடிட்டிருக்கேன்." குரல் கரகரவென்று வந்தது. "நீ சொன்னது நியாயம்மா. நான் பாடல."

பியானோ அவர்களைக் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. ஓட்டையும் ஒட்டுமாக.

தங்கை பெட்டியைப் பார்த்தாள். லைசென்ஸ் படத்தைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. ஒருநாள், ஒரே ஒருநாள் உன்னைத் தனியா உக்கார வெக்கலாம்னு பாத்தா, இப்படியா பண்ணுவ? அங்கயும் எடம் விட்டு வெச்சிட்டா போவ?

"எங்க ஆரம்பிக்கணும்?" என்றாள்.

"என்னது?"

"நீங்க. எந்த எடத்துல பாட ஆரம்பிக்கணும்?"

பாடகி அவளையே பார்த்தார். "மொத சரணம் முடியப் போகுது. ரெண்டாவது சரணம் இருக்கு. அதுக்கு முன்னாடி பியானோ கொஞ்ச நேரம் தனியாப் போகும். அப்புறம் நிக்கும்."

"எழுந்திருங்க."

ஊன்றுகோல் தரையில் சரிந்தது. யாரும் எடுக்கவில்லை. பாடகி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நல்ல கனம். அவர் நடுவுக்குப் போகாமல் பெட்டியின் ஓரமாகவே நின்றார். பின்னால் ஒவ்வொருவராக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். மேலாளர் கடிகாரத்தைத் தடவிவிட்டுக் கையைக் கீழே போட்டார்.

பியானோ தனியாகப் போனது. அந்த மெட்டு திரும்பி வந்தது, போய்க் கொஞ்சம் அலைந்தது, இறங்கியது, நின்றது.

ஒலிபெருக்கியில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம். ஒரு செருமல். அப்புறம் அண்ணனின் குரல், மாடிப்படியிலிருந்து டீ கேட்கிற அதே சாதாரணக் குரல்.

"அவசரமில்ல. நல்லா மூச்சு எடுத்துக்குங்க. நீங்க எடுத்ததும் நான் வரேன்."

மண்டபம் முழுக்க மூச்சை இழுத்தது. என்ன பாட்டு, என்ன வார்த்தை, எவ்வளவு நேரம் என்று எதுவும் தெரியாமல், பாடகியின் முழங்கையை விடாமல், தங்கையும் இழுத்தாள்.